அமுதவள்ளி போட்ட வேலி

அக்காள்மடத்தில் பிரதான சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பும் மண் பாதையின் கடைசியில் அந்த வீடு இருக்கிறது. நான்கு அறைகள், ஒரு கூடம். கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் மூன்றே எட்டில் நீச்சல் குளம். குளத்துக்கு அப்பால் நாலைந்து தென்னை, அதற்கும் அப்பால் கடல். ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்களும் தனுஷ்கோடி பார்க்க வருகிறவர்களும் இரண்டு நாள், மூன்று நாள் என்று வாடகைக்கு எடுத்துத் தங்குகிற வீடு. அதைப் பார்த்துக்கொள்பவர் அமுதவள்ளி. வயது நாற்பத்திரண்டு. அவர் கணவர் தங்கசாமி தோட்டத்தையும் குளத்தையும் கவனிப்பார். சமையல், துப்புரவு, வருகிறவர்களிடம் சாவி கொடுப்பது, போகிறவர்களிடம் சாவி வாங்குவது எல்லாம் அமுதவள்ளி.

இருவரும் திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நெல் வயலில் களை எடுத்தும் மிளகாய்க் காட்டில் பழம் பறித்தும் இருபது வருடம் ஓட்டினார்கள். அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை ஏமாற்றியபோது, அதே ஊர்க்காரரான காளீஸ்வரன் ஆள் அனுப்பினார். காளீஸ்வரன் குடும்பம் ஊரில் நிலபுலம் உள்ள குடும்பம். அமுதவள்ளியின் அய்யா, அதாவது அப்பா, அந்தக் குடும்பத்தின் தோட்டத்தில்தான் கடைசி வரை வேலை பார்த்தார். மதுரைக்குக் குடிபோய்விட்ட காளீஸ்வரன், கடற்கரையில் இந்த வீட்டைக் கட்டிவிட்டு, நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"கூரைக்குக் கீழ வேலை, நெழல்ல வேலை. வேற என்ன வேணும்னு வந்துட்டோம்" என்று அமுதவள்ளி என்னிடம் சொன்னார். வந்த புதிதில் குளத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்ததாம். கண்ணுக்கெட்டிய தூரம் கடலை வைத்துக்கொண்டு, அதன் முன்னால் ஒரு தொட்டி கட்டி, அதில் மருந்து ஊற்றிக் குளிக்கிறார்களே என்று.

அந்தச் சிரிப்பு ஒரு பங்குனி மாதத்துப் பகலில் போய்விட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவன், மனைவி, கணவனின் அம்மா, இரண்டு வயதுப் பெண் குழந்தை. மணி மூன்று இருக்கும். காரிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. குழந்தை மாமியாரிடம் இருக்கிறது என்று நினைத்து மனைவி குளிக்கப் போனார். மகனிடம் இருக்கிறது என்று நினைத்து மாமியார் கட்டிலில் சாய்ந்தார். மகன் போனில் பேசிக்கொண்டே வாசலில் நின்றார். குழந்தை அடுக்களையில் அமுதவள்ளியின் காலடியில் உட்கார்ந்து, எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது.

அமுதவள்ளி டீக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். தட்டுச் சத்தம் நின்றது. திரும்பினார். தட்டு கிடந்தது, கரண்டி கிடந்தது, பிள்ளையைக் காணோம்.

"அம்மாக்காரிகிட்டப் போயிருக்கும்னு நெனச்சேன். பால் பொங்கிருமேன்னு அதை எறக்கி வச்சுட்டுத்தான் போனேன். அந்தப் பாலை எறக்குன நேரம் இருக்குல்ல, அதுதான் இன்னமும் என் நெஞ்சைப் பிசையுது."

காற்று வரட்டும் என்று கூடத்துக் கதவை யாரோ திறந்து வைத்திருந்தார்கள். குளத்தில் இறங்குவதற்குக் கட்டியிருந்த படிகளில் குழந்தை ஒவ்வொன்றாக இறங்கிப் போயிருக்கிறது. அதனால் தண்ணீர் தெறிக்கவில்லை, சத்தம் எழவில்லை. அமுதவள்ளி பார்த்தபோது கடைசிப் படிக்கு அப்பால் குப்புறக் கிடந்தது. சட்டை மட்டும் காற்றடைத்து மேலே உப்பியிருந்தது.

அமுதவள்ளிக்கு நீச்சல் தெரியாது. சேலையோடு குதித்தார். கழுத்து வரை தண்ணீர். இரண்டு கையாலும் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கால் வழுக்க வழுக்கப் படியேறினார். தூக்கியதுமே குழந்தை இருமியது. பிறகு தண்ணீராகக் கக்கியது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் வீட்டில் மற்றவர்கள் ஓடிவந்தார்கள்.

ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று மறுநாள் காலையில் அனுப்பினார்கள். குழந்தை இட்லி கேட்டுச் சாப்பிட்டது. அதன் அம்மா மட்டும் ஊருக்குப் போகிற வரைக்கும் அமுதவள்ளியின் கையை விடவில்லை.

காளீஸ்வரனுக்குத் தகவல் சொன்னபோது அவர் போனில் முதலில் நீளமாக மூச்சு விட்டார்.

"நல்லவேளை, நீ இருந்த. சரி, இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம். ஒரு போர்டு எழுதி அனுப்புறேன், மாட்டிரு. குழந்தைகளைப் பெற்றோர் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்னு."

"ரெண்டு வயசுப் பிள்ளை போர்டு வாசிக்குமா மொதலாளி?"

"அம்மா அப்பா வாசிப்பாங்கல்ல?"

"அவுக மூணு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக. ஒவ்வொருத்தரும் அடுத்தவுக பாத்துக்கிறாகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாக. குளத்தைச் சுத்தி ஒரு வேலி போட்ருவோம்."

"வேலி போட்டா வீடு ஜெயில் மாதிரி ஆயிரும். இந்த வீட்டுக்கு ஆள் வாரதே அந்தப் போட்டோவைப் பாத்துத்தான், குளமும் கடலும் ஒண்ணாத் தெரியுதே, அதைப் பாத்து. போர்டு போதும்."

போர்டு வந்தது. தங்கசாமி அதைச் சுவரில் மாட்டினார். அமுதவள்ளிக்கு அன்று முதல் வேலை ஓடவில்லை. சிறு பிள்ளையோடு யார் வந்தாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குளத்தங்கரையில் போய் நின்றுகொண்டார். சோறு தீய்ந்தது. அறைகள் கூட்டாமல் கிடந்தன. "உன்னால எத்தனை நாளைக்கு இப்படிக் காவல் நிக்க முடியும்?" என்று தங்கசாமி கேட்டார். அதே கேள்வி அமுதவள்ளிக்குள்ளும் இருந்தது.

அடுத்த வாரம் இருவருமாகச் சவுக்குக் கம்பு நட்டு, பழைய நைலான் வலையை வாங்கிக் குளத்தைச் சுற்றிக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக் காலிதா, ஈரத் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எதுக்கு அக்கா?"

"பிள்ளைக தண்ணிக்குப் போகாம இருக்க."

காலிதா தன் ஐந்து வயது மகள் மர்வாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தப் பக்கம் போயிட்டு வா பாப்போம்." மர்வா வலைக் கண்களில் கால் விரலைச் செருகி, ஏணியில் ஏறுவது போல ஏறி, உள்ளே குதித்து, திரும்ப ஏறி வெளியே வந்தாள். நூறு எண்ணுகிற நேரம்கூட ஆகவில்லை.

"கடக்கரைப் பிள்ளைகளுக்கு வலைன்னா ஏணிதான்" என்றார் காலிதா. தங்கசாமி வலையை அவிழ்த்தார்.

அதன் பிறகு அமுதவள்ளி செய்த காரியத்தை அவருடைய கணவரே எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முந்தின நாள் போன் போட்டு, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்பது அவர் வழக்கம். இப்போது இன்னொரு கேள்வியும் கேட்டார். "அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக இருக்காகளா?" ஆமாம் என்றால், "இங்கன குளத்துக்கு வேலி கெடையாதும்மா. கதவைத் தொறந்தா தண்ணி. தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று உள்ளதைச் சொன்னார். சித்திரை விடுமுறையில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டன.

மூன்றாவது குடும்பமும் விலகிய நாலாம் நாள் காளீஸ்வரனின் கார் வந்து நின்றது. அவரோடு மருமகள் கோகிலாவும், ஒன்றரை வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். இணையத்தில் வீட்டின் படங்களைப் போடுவதும் வருகிறவர்களுக்குப் பதில் எழுதுவதும் கோகிலாதான்.

காளீஸ்வரன் உட்காரக்கூட இல்லை.

"வாரவங்களை வராதேன்னு சொல்லவா உன்னை இங்க வச்சிருக்கேன்?"

"வராதீகன்னு சொல்லல மொதலாளி. இருக்கிறதைச் சொன்னேன்."

"இத்தனை வருஷத்துல எந்த ஆபீசரும் வந்து வேலி எங்கேன்னு கேட்டதில்ல. நீ கேக்குற."

காளீஸ்வரன் வீட்டு ஆட்கள் முன்னால் தன் அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவர் அமுதவள்ளி. ஆனாலும் பேசினார்.

"உங்க தோட்டத்துக் கெணத்தைச் சுத்தி வருஷா வருஷம் கருவேல முள் அடைக்கிறது எங்கய்யாதான். நானும் கூடப் போயிருக்கேன். எதுக்கு அடைச்சோம்? கன்னுக்குட்டி மேயப் போயி உள்ள விழுந்துரக் கூடாதுன்னு. உங்கய்யாதான் அடைக்கச் சொன்னாக. கன்னுக்குட்டிக்கு அடைச்சோம் மொதலாளி. இது பிள்ளை. வேலி போட முடியாதுன்னா, இந்தாங்க சாவி. நாங்க ஊருக்கே போயிர்றோம். இன்னொரு தடவ அப்படி ஒரு பிள்ளையைத் தண்ணிக்குள்ள பாக்க எனக்குத் தெம்பில்ல."

சாவிக்கொத்தை மேசை மேல் வைத்துவிட்டார். தங்கசாமி வாசலில் நின்றிருந்தார். மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அடுத்துக் கேட்டது கோகிலாவின் குரல். அவர் கூடத்தின் நடுவில் குனிந்தபடி நின்றிருந்தார். பேத்தி கண்ணாடிக் கதவை நோக்கி இழுக்க, அதன் கையை இவர் பிடித்திருந்தார்.

"மாமா, அந்தப் போட்டோவை எடுத்ததே நான்தான். இந்த வீட்டுக்கு இதோட அஞ்சு தடவ வந்துட்டேன். ஒரு தடவையாவது நான் உக்காந்து டீ குடிச்சதைப் பாத்திருக்கீங்களா?"

காளீஸ்வரன் மருமகளைப் பார்த்தார். குனிந்த முதுகோடு நின்ற அந்த நிலையை அப்போதுதான் பார்த்தார் போல. அமுதவள்ளி கொண்டுவந்து வைத்திருந்த டீ கோகிலாவுக்குப் பக்கத்தில் ஆடை கட்டிப்போயிருந்தது.

காளீஸ்வரன் சாவிக்கொத்தை எடுத்து அமுதவள்ளியின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"சரி. ஆனா கடல் தெரியணும்."

அன்று சாயங்காலமே கோகிலா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாள் வாடகைக்கு விடுகிற வீடுகளில் குளம் இருந்தால் வேலி கட்டாயம் என்று சட்டம் போட்டிருக்கிற நாடுகள் இருக்கின்றன, அங்கே என்னென்ன சொல்கிறார்கள் என்று தேடித் தேடித் தமிழில் சொன்னார். அமுதவள்ளி அதையெல்லாம் தனக்குத் தெரிந்த அளவுகளாக மாற்றிக்கொண்டார். வேலி நாலு அடிக்குக் குறையக் கூடாது, அதாவது தன் தோள் உயரம். கம்பிகளுக்கு நடுவில் சாமிக்கு உடைக்கிற சின்னத் தேங்காய்கூட நுழையக் கூடாது. கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும், குறுக்குக் கம்பி கால் வைக்க இடம் கொடுக்கும். இதை மர்வா ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டாள். கேட் தானாக மூடிக்கொள்ள வேண்டும். குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அப்போது குழந்தை முட்டித் தள்ளினாலும் மூடத்தான் செய்யும். தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்ட வேண்டும். வேலியிலிருந்து இரண்டு முழத்துக்குள் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது.

வேலையை எடுத்துக்கொண்டவர் வாவு முகம்மது. தங்கச்சிமடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். படகுகளுக்கு வேலை பார்த்த கை. குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, "வேலியா தங்கச்சி? ரெண்டு நாள் வேலை" என்றார். ஆறு நாள் ஆனது. ஒவ்வொரு இடைவெளியிலும் அமுதவள்ளி தேங்காயை வைத்துப் பார்த்தார். ஒரு மூலையில் தேங்காய் உள்ளே போய்விட்டது. வாவு முகம்மது முனகிக்கொண்டே அந்தப் பகுதியை அறுத்து மறுபடி பற்றவைத்தார். முடிந்த பிறகு மர்வாவைக் கூப்பிட்டார்கள். அவள் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள், வழுக்கினாள், கேட்டைத் தள்ளினாள், கடைசியில் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலி வெள்ளையாக, மெல்லியதாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்தால் கம்பிகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. கோகிலா வேலியோடு சேர்த்துப் புதுப் படம் எடுத்துப் போட்டார். கீழே ஒரு வரியும் எழுதினார்: சிறு குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்ற வீடு.

ஐப்பசி மழை தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு காலையில் அமுதவள்ளி கேட்டைத் திறந்துவிட்டுக் கையை எடுத்தார். கேட் பாதி வந்து நின்றது. கீலில் இருந்த ஸ்பிரிங் உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருந்தது. ஒரு குழந்தை நுழைகிற அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. அன்று வருவதாக இருந்தவர்களுக்கு, குளம் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு என்று போனில் சொன்னார். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். வாவு முகம்மதுவைக் கூப்பிட்டார்.

அவர் வந்து ஸ்பிரிங்கைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உப்புக் காத்துலயே பொறந்து வளந்தவன் நான். எனக்கு இது தோணாமப் போச்சே."

"இப்ப என்ன பாய் செய்யலாம்?"

வாவு முகம்மது கேட்டை மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஸ்பிரிங்கே வேணாம். கீழ்க் கீலைக் கொஞ்சம் தள்ளி வச்சு, கேட்டைச் சாய்வா மாட்டிருவோம். தொறந்தா அது கொஞ்சம் மேல ஏறும். கையை விட்டா தன்னோட கனத்துலயே எறங்கி வந்து மூடிக்கிரும். ஸ்பிரிங் துருப்பிடிக்கும், கனம் துருப்பிடிக்குமா? கீலை எவர்சில்வர்ல போட்ருவோம். இன்ஷா அல்லாஹ், இனி நிக்காது."

நிற்கவில்லை. நான் போயிருந்தபோது பத்துத் தடவையாவது திறந்து விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் டக் என்று வந்து மூடியது. ஒருமுறை ஏமாற்றிய கேட்டை மறுபடியும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று, தினமும் காலையில் விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன் அதைத் திறந்து மூடிப் பார்ப்பதை அமுதவள்ளி வழக்கமாக வைத்திருக்கிறார்.

குழந்தைகளோடு வருகிற குடும்பங்கள் அந்த வீட்டைத் தேடி வரத் தொடங்கின. அதைப் பார்த்து அக்கம்பக்கத்து வீடுகளின் சொந்தக்காரர்கள் விசாரித்தார்கள். தை மாதம், அந்தக் கரையில் நாள் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் காளீஸ்வரன் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். காளீஸ்வரன் எழுந்து, வேலி போட வேண்டும் என்று தனக்கு எப்படித் தோன்றியது என்பதை விரிவாகச் சொன்னார். அடுக்களையிலிருந்து அதைக் கேட்ட தங்கசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமுதவள்ளி அவர் கையில் கிள்ளினார். ஆனால் விதிகள் என்னென்ன என்று ஒருவர் கேட்டபோது காளீஸ்வரன் நிறுத்தினார். அடுக்களைப் பக்கம் திரும்பி, "அமுதவள்ளி, நீயே வந்து சொல்லு" என்றார்.

அத்தனை முதலாளிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் அமுதவள்ளி நின்று பேசினார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொன்றாக, எதனால் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வலையால் ஏன் ஆகாது, ஸ்பிரிங் ஏன் ஆகாது, நாற்காலி ஏன் ஆகாது. சில பேர் குறித்துக்கொண்டார்கள். தர்மராஜ் என்ற ஒருவர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம வீட்டுக்கு வாரவுக பாதிப் பேர் வயசானவுக. தீர்த்தமாட வாரவுக. அவுகளுக்கு எதுக்கு வேலி?"

"அவுக பேரன் பேத்தியைக் கூட்டிக்கிட்டுத்தானே வாராக?" என்றார் அமுதவள்ளி. தர்மராஜ் காரை நோக்கி நடந்துவிட்டார்.

கோடை விடுமுறைக்குள் அந்தக் கரையில் குளம் உள்ள பதினொரு வீடுகளில் ஏழு வீடுகளுக்கு வேலி வந்தது. ஒருவர், எனக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்று குளத்தை மண் போட்டு மூடிச் செம்பருத்தி வைத்துவிட்டார். வேலி முடிந்த வீடுகளை அமுதவள்ளி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் காளீஸ்வரன் வீட்டில் அவருக்குப் பாதி நாள் விடுப்பு. இரண்டு வீடுகளில் கேட்டைத் திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறார். சொன்னபடி மாட்டினார்கள்.

வைகாசியில் ஒரு நாள் அவருக்கு ஒரு போன் வந்தது. தர்மராஜின் வீட்டைப் பார்த்துக்கொள்கிற வெள்ளையம்மாள்.

"அக்கா, நேத்து வந்த பிள்ளை ஒண்ணு குளத்து விளிம்புல போயி உக்காந்துருச்சு. நான் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு விடிய விடியத் தூக்கமில்ல. மொதலாளி இன்னைக்கு இங்கனதான் இருக்காரு. நீங்க ஒரு எட்டு வாரீங்களா?"

"இந்தா வாரேன்" என்றார் அமுதவள்ளி. சமையலைத் தங்கசாமியிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அவர் போனபோது தர்மராஜ் குளத்தங்கரையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அமுதவள்ளியைப் பார்த்ததும், தான் அன்று கூட்டத்தில் பேசியதை நினைத்தோ என்னவோ, கொஞ்சம் தயங்கினார். அமுதவள்ளி எதையும் நினைவுபடுத்தவில்லை. குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஓரிடத்தில் நின்று, "கேட் இந்தப் பக்கம் வச்சா நல்லதுங்க. அடுக்களை சன்னல்ல இருந்து வெள்ளையம்மாளுக்குக் கண் எட்டும்" என்றார்.

தர்மராஜ் சன்னலைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார்.

"அப்ப அங்கன நிக்கிற தென்னங்கன்னை எடுத்து வேற எடத்துல வைக்கணுமே?"

"வைப்போம். சின்னக் கன்னுதானே, பொழச்சுக்கிரும்."

வெள்ளையம்மாள் மண்வெட்டி எடுக்க ஓடினார்.